தெப்பமெறி வளையம்: ஒரு புள்ளியால் நேர்ந்த பிழை குறித்து மூங்கிற்கோட்டைத் தலைவருக்கு விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க. மதகின் பலகை உளுத்துப் போகாதிருக்க. கருஞ்சுழியாறு தன் வழியே போக.

சுழிநாட்டின் பன்னிரு துறைகளுக்கும் உரியவரும், வழக்கென்று வந்தவரை வெயிலில் நிறுத்திப் பேசாதவருமாகிய அரசி நறுவீப் பெருந்தேவியார் திருவாய் மொழிந்தபடி ஓலைநாயகம் தத்தன் எழுதுவது: தென்துறை மூங்கிற்கோட்டைத் தலைவர், வெள்ளத்துக்கும் பகைக்கும் ஒருசேரக் கதவடைத்த எயினங்கோ அவர்களுக்கும், அவர் கோட்டைக்கும், கோட்டை மதிலடியில் மேயும் ஆடுமாடுகளுக்கும் எல்லா நலமும் பெருகுவதாக.

இவ்வோலையைத் தலைவர் கையில் கொடுப்பவள் சேந்தி. ஆம், தென்துறை ஓடக்காரி சேந்தியேதான். அவளைக் கண்டதும் ஆட்களைக் கூப்பிட வேண்டாம். தோற்ற ஆட்டக்காரரின் எறிகைக் கட்டைவிரலை நிறைமதி நாளில் எடுத்துவிடுக என்னும் பழைய ஆணையோலை தலைவரின் பேழையில் இருப்பதை அரசியார் அறிவார். நாளை மறுநாள் நிறைமதி என்பதையும் அறிவார். அந்த விரல் அவள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஓலை. ஏன் என்று தலைவர் கேட்பார், கேட்கத் தகும். நடந்ததை நடந்தபடி எழுது, பூசி மெழுகாதே என்று அரசியார் சொல்லியிருக்கிறார். ஆகவே ஓலை நீளும், பொறுத்தருள்க.

சேந்திக்குப் பின்னால் ஒருவன் நிற்பான். முப்பது வயது, மெலிந்த தோள், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத நிற்பு. அவன் பெயர் கீரந்தை, அரண்மனையின் வினைவகுப்பான். இனி வருவது பெரும்பாலும் அவன் கதை.

வினைவகுப்பான் என்றால் என்ன பிழைப்பு என்று கோட்டை வாயிலில் கேட்டுச் சிரிப்பார்கள். உடம்பால் ஆடும் ஆட்டம் எதுவாயினும் அது எந்த வகை என்று பிரித்து, எந்த வகையை எப்படிப் பழகுவது என்று சொல்வது அவன் வேலை. தன் வாழ்நாளில் மாங்காய் மேல் ஒரு கல்லைக்கூட எறிந்தவனல்லன். ஆயினும் கண் இருந்தது. ஒன்பது ஆண்டு களத்தோரம் உட்கார்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்தான். நாற்பது ஏட்டில் ஒரு சுவடி எழுதினான். இளவட்டக்கல் தூக்குபவனை விட்டுக் கல் ஓடிப்போவதில்லை. அவனாக மூச்சுப் பிடித்து, தனக்கு வேண்டிய பொழுதில் தூக்கலாம். இதற்கு நிலைவினை என்று பெயரிட்டான். சடுகுடுவில் பாடி வருபவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று பிடிப்பவனுக்குத் தெரியாது. எதிராளி மாற மாறத் தானும் மாற வேண்டும். இதற்கு அலைவினை என்று பெயர். எறிதல் எறிந்ததும் முடிந்துவிடும், நீந்துதல் கரை வரும்வரை முடியாது என்று அதற்குள்ளும் பிரித்தான். கோலி சுண்டும் விரலுக்கும் தேர்வடம் இழுக்கும் முதுகுக்கும் வேறு வேறு ஏடு வைத்தான். இவனுக்கு வேறு வேலையில்லையா என்று ஊர் கேட்டது. அவனுக்கு உண்மையிலேயே வேறு வேலையில்லை.

கற்பவருக்கு மூன்று பருவம் சொன்னான். முதலாவது வாய்ப்பருவம்: காலை இங்கே வை, மணிக்கட்டை இப்படித் திருப்பு என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு செய்வது. அடுத்தது பிழைப்பருவம்: செய்து, தவறி, தவறியது எங்கே என்று தானே கண்டு திருத்துவது. கடைசியில் மறதிப்பருவம்: சொல்லும் மறந்து, பிழையும் மறந்து, உடம்பு தானாகவே செய்துகொண்டு போவது. நிலைவினையானால் ஒரே இடத்தில் நின்று ஒரே செயலை ஆயிரம் முறை செய்க. அலைவினையானால் இடத்தையும் எடையையும் காற்றையும் மாற்றி மாற்றிப் பழகுக. இது அவன் விதி. விதி சரியான விதி என்று தத்தன் இன்றும் சொல்வான்.

மேட்டுநாட்டாருக்கும் நமக்கும் ஆற்றின் முதல் தண்ணீர் யாருக்கு என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆட்டத்தால் தீர்த்துக்கொள்வது வழக்கம். எந்த ஆட்டம் என்று அறிவிப்பது இம்முறை அவர்கள் முறை. ஓலை வந்தது. ஆட்டத்தின் பெயர் இரண்டே சொல். அதை அவையில் உரக்க வாசித்தவன் இதை எழுதுகிற தத்தன்தான். 'தெப்பமெறி வளையம்' என்று வாசித்தான்.

தலைவர் வாள் எடுத்தவர்; எழுத்தின் சங்கதியைச் சிறிது சொல்ல வேண்டும். எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் நம் எழுத்தில் வடிவம் ஒன்றே. குறிலானால் தலையில் ஒரு புள்ளி. நெடிலானால் புள்ளி இல்லை. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் நரம்போடு கிழியும் என்று எந்த எழுத்துக்காரனும் குத்துவதில்லை. படிப்பவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். அந்த ஓலையிலும் புள்ளி இல்லை. தெப்பமெறி என்றால் கரையில் நின்று தெப்பத்தின் மேல் எறிவது. தெப்பமேறி என்றால் தெப்பத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு எறிவது. நம் துறைகளில் திருநாள்தோறும் படிக்கட்டில் நின்று, கட்டிப்போட்ட தெப்பத்தின் முளையில் பிரம்பு வளையம் எறிவார்கள், தலைவரும் எறிந்திருப்பார். மேட்டுநாட்டில் அப்படி ஓர் ஆட்டமே கிடையாது. இதை அவையில் எவரும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டியவன் தத்தன். நாற்பதாண்டாக எழுத்தைத் தின்று வயிறு வளர்த்தவன், குறிலா நெடிலா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

வினைவகுப்பான் என்ன சொல்கிறான் என்று அரசியார் வினவ, கீரந்தை எழுந்து நின்றான். படி கல்லாலானது, தெப்பம் கட்டுண்டு கிடப்பது, எறிபவர் தம் பொழுதில் எறிவது, ஆகவே இது நிலைவினை என்றான். குரலில் கொஞ்சமும் ஐயமில்லை.

எறிபவராகச் சேந்தியைத் தேர்ந்தவனும் அவனே. அதில் அவன் கண் பொய்க்கவில்லை. எட்டு வயதில் தகப்பனோடு ஓடமேறியவள், இப்போது நாற்பது. ஆறு எப்படிப் புரண்டாலும், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும், ஆடுகிற ஓடத்தில் நின்றபடி கரைக்கட்டையில் கயிற்றுச் சுருக்கை ஒரே வீச்சில் மாட்டிவிடுவாள். தென்துறைக்காரர் இதைப் பார்த்து வியப்பதைக்கூட விட்டு நெடுநாளாயிற்று.

அவளைப் படியில் நிறுத்தியதும் அவளால் எறிய முடியவில்லை. உடம்பு இடமும் வலமும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. "ஐயா, இந்தக் கல்லு சும்மா கெடக்குது. சும்மா கெடக்கறதுமேல நின்னு எனக்குப் பழக்கமில்ல" என்று அவள் சொன்னதைக் கீரந்தை தன் ஏட்டிலேயே குறித்திருக்கிறான். அதன் கீழே, ஆட்டம் பிழை, களைக என்று எழுதியிருக்கிறான்.

களைந்தான். மூன்றாம் படியில் சுண்ணாம்பால் இரண்டு பாதம் வரைந்து, அதை விட்டு அவள் கால் நகரக் கூடாது என்றான். வளையம் ஒரே எடை. முளை ஒரே தொலைவு. காற்று எழுந்தால் அன்றைய பயிற்சி நிறுத்தம். ஓடத்தில் ஏறினால் பழைய ஆட்டம் திரும்பிவிடும் என்று அவளை ஓடத்துப் பக்கமே போகவிடவில்லை; ஓடத்தைத் தம்பி ஓட்டினான். நாளொன்றுக்கு முந்நூறு எறி, எட்டு மாதம். ஆறாம் மாதம் கண்ணைக் கட்டிவிட்டு எறியச் சொன்னான். நூற்றுக்கு நூறும் முளையில் விழுந்தது. எப்படி என்று கேட்டதற்கு, "நான் எங்கைய்யா எறியறேன்? அதுவாப் போவுது" என்றாளாம். மறதிப்பருவம் எய்தினாள் என்று சுவடியில் எழுதிவிட்டு, கீரந்தை அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னான். அவன் மகிழ்ந்து பாயசம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவன் மனைவி பின்னால் சொன்னாள்.

ஆட்ட நாள் வந்தது. மேட்டுநாட்டுத் துறைக்காரர் தெப்பத்தை அவிழ்த்துப் படியோரம் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறும்மா" என்று கை நீட்டினார். முளை எதிரே ஆற்றுக்குள் அடித்திருந்தது. கீரந்தைக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. சேந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து தெப்பத்தின் பலகையைப் பார்த்தாள். சுண்ணாம்புப் பாதத்தைத் தேடுகிறாள் என்று அவன் கண்டுகொண்டான். பிறகு ஏறினாள்.

ஏழு வளையம். முதல் வளையத்துக்குத் தெப்பம் தாழ்ந்தது, கை தாழவில்லை. இரண்டாவதற்குக் காற்று வந்தது, கைக்கு அது தெரியவில்லை. கல்படியில் நின்று எறிந்த அதே எறியை, மயிரிழை மாறாமல், ஏழு தடவையும் எறிந்தாள். ஏழும் தண்ணீரில் விழுந்தன. மேட்டுநாட்டு ஆள் ஏழில் நான்கு போட்டான். பெரிய சூரன் ஒன்றுமில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் சேந்தி அவனைக் கொட்டாவி விட்டுக்கொண்டே வென்றிருப்பாள். முதல் தண்ணீர் போயிற்று.

எவரும் கூச்சலிடவில்லை. குடை மடக்கி வீட்டுக்குப் போனார்கள். கீரந்தையும் போனான், மோர்ச்சோறு உண்டான், உப்பு இல்லை என்று மனைவி சொன்ன பிறகே அவனுக்குத் தெரிந்தது. நெடுநேரம் மடித்து உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி நெஞ்சு மரத்துப்போயிருந்தது. பதினொரு நாள் அப்படியே இருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவைக்கு வந்தான், தன் இருக்கையில் உட்கார்ந்தான், வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டான். நான்காம் நாள் அமைச்சர்கள் அவனை நோக்கி, பயிற்சியில் பிழை உண்டா என்று கேட்டார்கள். சுவடியில் பிழை இல்லை என்றான். சொன்னது மெய்தான், கேட்டதற்கு அது விடையில்லை. ஆகவே பிழை ஆட்டக்காரியின் கையில் என்று தீர்ப்பாகி, விரல் ஆணையைத் தத்தனே எழுதினான். அது தலைவரிடம் வந்தது; சேந்தியும் கோட்டைக் காவலுக்கு வந்தாள்.

அஞ்சித்தான் சொல்லவில்லையா என்று தத்தன் பின்னொரு நாள் அவனைக் கேட்டதுண்டு. "பயமெல்லாம் இல்லீங்க. சொல்லணும்னு தெரிஞ்சுது. சொல்றதுக்கு உள்ளுக்குள்ள ஆள்தான் இல்ல" என்றான். கேட்டபோது தத்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி விரல் போகவிருந்தது, உனக்கு ஆள் இல்லையா என்று வைதான். வைத பிறகுதான் தன் யோக்கியதையும் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை கீரந்தை படித்துறைக்குப் போனான். எதற்குப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்றாம் படியில் அந்தச் சுண்ணாம்புப் பாதங்கள் இருந்தன. அவற்றின் மேல் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டான். சிறிது நேரத்தில் தன் உடம்பு லேசாக ஆடுவதை உணர்ந்தான். கல்லின் மேல் நிற்கிறான், எதையும் எறியவில்லை, காற்றும் இல்லை. ஆயினும் உடம்பு இடமும் வலமும் ஆடி ஆடித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருந்தது. நிற்கிற எந்த உடம்பும் அப்படித்தான் நிற்கிறது. அதைத்தான் பிழை என்று எழுதியிருக்கிறான். அங்கிருந்து நேரே அரண்மனைக்கு வந்து, மேட்டுநாட்டு ஓலையை எடுத்து அரசியார் முன் வைத்து, இதைக் குறிலாகப் படித்தோம், இது நெடில், பிழை என்னுடையது, அவள் கையினுடையதன்று என்றான்.

அமைச்சர்கள் நம்பவில்லை. பெண்ணின் மேல் இரங்கிச் சொல்கிறான் என்றார்கள். அப்படியானால் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அரசியார் சேந்தியைக் கோட்டையிலிருந்து வரவழைத்தார். அன்று தலைவர் தாம் அனுப்பிய காவலோடு அவள் வந்ததை நினைவுகூர்க. அரண்மனைத் துறையில், முற்பகலில், எல்லோர் முன்னும் படியில் நின்று பத்து எறிந்தாள், பத்தும் முளையில். தெப்பத்தில் ஏறிப் பத்து எறிந்தாள், பத்தும் நீரில். அதற்கும் அமைச்சர்கள் இசையவில்லை. தெப்பத்தில் எறிய இவளுக்கு என்றைக்குமே தெரிந்திராது என்றார்கள்.

அப்போது அரசியார், வளையம் வேண்டாம், வழக்கமாக உன் ஓடத்தைக் கட்டுவதுபோல் கட்டிக் காட்டு என்றார். தம்பி ஓடத்தைக் கொண்டுவந்தான். முப்பத்திரண்டு ஆண்டு நின்ற இடத்தில் போய் நின்று, கயிற்றைச் சுருட்டி வீசினாள். ஒரு முழம் முன்னால் விழுந்தது. மறுபடி வீசினாள். கட்டையைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது வீச்சைப் பார்க்க மாட்டாமல் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவும் நீரில் விழுந்தது. அவள் கயிற்றை இழுத்து, ஈரத்தைப் பிழிந்து, சுருட்டி வைத்தாள். தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை மறந்துபோச்சு தாயே. ஐயா சொல்லிக் குடுத்தத மட்டும் மறக்க மாட்டேங்குது" என்றாள். அழவில்லை. இன்றைக்குக் காற்று கீழ்க்காற்று என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கீரந்தை படியில் உட்கார்ந்துவிட்டான். மரத்த கால் தெளியும்போது ஊசி ஊசியாய்க் குத்துமே, அது அப்போது தொடங்கியது என்று பிறகு சொன்னான். அரசியார், அந்த விரலை இனி எடுக்க வேண்டியதில்லை, எடுத்தாயிற்று என்றார்.

இவனை என்ன செய்யலாம் என்று அரசியார் சேந்தியையே கேட்டார். "அவர ஒண்ணும் பண்ணாதீங்க தாயே. ஒரு வார்த்த பேசாம இருக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றாள். தோற்ற நாளிலிருந்து அரண்மனையில் யாரும் சிரித்ததில்லை. அன்று இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கீரந்தை சிரிக்கவில்லை. சரி என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தான்.

ஆகவே தலைவருக்கு ஆணையாவது. பேழையில் உள்ள பழைய ஓலையை எடுத்து, சேந்தி கண் முன்னால் அடுப்பில் இடுக. அவள் விரலைத் தொடுபவன் விரல் தலைவரின் பொறுப்பு. கீரந்தையின் சுவடியை எரிக்க வேண்டாம். முதல் ஏட்டில் இந்தப் பிழையை அவன் கையாலேயே எழுதியிருக்கிறான், அதோடு இருக்கட்டும். அவன் இன்று முதல் தென்துறையின் கரைக்கட்டையருகே நிற்பான். அவள் கயிறு தவறி விழும்போதெல்லாம் நீரில் இறங்கி எடுத்து அவள் கையில் கொடுப்பான். காற்றானாலும் வெள்ளமானாலும் நிற்பான். காலை இங்கே வை, கையை இப்படித் திருப்பு என்று வாய் திறக்க மாட்டான். திறந்தால் தலைவர் அறிந்து அரசியாருக்கு எழுதுக. கயிறு எந்நாள் கட்டையில் விழுகிறதோ அந்நாள் அவன் திரும்பி வரலாம். விழாமலே போகவும் கூடும் என்பதை அவனும் அறிவான், அரசியாரும் அறிவார். போன முதல் தண்ணீர் மூன்றாண்டுக்குப் போனதுதான். அதற்காகத் தென்துறையில் எவனும் அவளை ஏச வேண்டாம்.

இனி இந்நாட்டில் ஆணையோலை எதுவும் புள்ளியின்றிப் போகாது. இதை எழுதுகையில் பதினேழு ஓலை கிழிந்தது. இது பதினெட்டாவது. தலைவர் இதை வெயிலுக்கு நேரே பிடித்தால் புள்ளிதோறும் வெளிச்சம் தெரியும்.

கருஞ்சுழி இலச்சினை அரக்கில் இட்டது. அரசியார் தாமே பார்த்து இட்டது.

கடைசி ஆணை ஒன்று உண்டு. அதில் தலைவர் தடுமாற வேண்டாம். சேந்தியைத் துறையில் ஏற்றுக. இச்சொல்லைக் குறிலாக, எற்றுக என்று படித்தால் துறையை விட்டு உதைத்துத் தள்ளுக என்று பொருளாகும். முதலெழுத்தின் தலையைப் பார்க்க. அங்கே புள்ளி இல்லை. ஓலை கிழியும் என்று அஞ்சி விட்டதன்று, அது நெடில்.